டூபா மங்காத வருஷம்

மூன்றாவது முறையும் துணியைத் திருப்பிப் பார்த்தாள் தெக்கிலா. துணி வெள்ளையாகவே இருந்தது. புளித்தண்ணீர் விட்டுக் கழுவியாயிற்று, உப்புப் படியாமலிருக்க நல்ல தண்ணீரில் அலசியாயிற்று, கணவாய் மீனின் ஓட்டை இடித்துச் சலித்த பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து டூபா என்கிற அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தின் அகன்ற வாயைச் சுற்றி, பதினோரு வருஷமாகத் தேய்க்கிற அதே சுற்றில் தேய்த்தும் ஆயிற்று. வழக்கமாக முதல் சுற்றிலேயே துணி கரியாகிவிடும், இரண்டாவதில் பச்சை இறங்கும், மூன்றாவதில்தான் அடியிலிருக்கிற மஞ்சள் மெல்லத் தலைகாட்டும். அன்றைக்கு எதுவும் இறங்கவில்லை. போன சனிக்கிழமை எந்த நிலையில் அதைக் கோவிலில் திருப்பி ஒப்படைத்தாளோ அதே நிலையில், இடையில் வீசிய ஏழு நாள் கடல்காற்றும் உப்பளத்துத் தூசியும் வேறு ஏதோ ஊரில் வீசியதைப்போல, அவள் முன்னால் சாக்கின்மேல் அது படுத்துக் கிடந்தது.

அவளுக்கு முதலில் அலுப்புத்தான் வந்தது. ஒரு வேலையைச் செய்து களைப்பது ஒன்று, செய்ய விடாமல் களைக்க வைப்பது இன்னொன்று. இன்னும் ஒரு மணி நேரம் வெறுமனே தேய்த்தாள், வால்வுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டாள், பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டாள். துவைக்கத் தேவையில்லாமல் அந்தத் துணி கொடியில் காய்ந்தது அன்றைக்குத்தான்.

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிற அந்த ஊரில் பித்தளை ஒரு வாரத்துக்கு மேல் மஞ்சளாக இருந்ததில்லை. முப்பது வருஷத்துக்கு முன் பங்குச்சாமியாராக வந்து, பத்தொன்பது வருஷம் மாற்றலே இல்லாமல் இருந்துவிட்ட ரெமிஜியூஸ் சாமி, ஊரில் சண்டை ஓய வேண்டுமானால் ஆண்களின் வாயில் எதையாவது சொருகி வைத்தால்தான் உண்டு என்று கண்டு ஒரு பேண்டுக் குழுவை உண்டாக்கினார். வாத்தியங்கள் வந்து இரண்டாம் வாரமே பச்சை பூத்தன. துலக்க ஆள் அகப்படவில்லை. அந்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, பாவங்களைக் கேட்டு, ஐந்து அருள்நிறை மந்திரம் சொல், பத்து பரலோக மந்திரம் சொல் என்று அபராதம் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனவர், முழந்தாளில் நின்ற ஒருவனிடம், நீ போய் அந்தக் கார்னெட்டைத் துலக்கிக்கொண்டு வா, அதுதான் உனக்கு அபராதம் என்றார். அவன் துலக்கிக்கொண்டு வந்தான். கார்னெட்டும் பளபளத்தது, அவன் முகமும் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் அபராதத்துக்கு மந்திரம் சொல்வது நின்றுபோனது.

பொய்க்கும் புறணிக்கும் கார்னெட், குடிக்கு டிராம்போன், கைகலப்புக்கு யூபோனியம், அதற்கு மேலே உள்ளதற்கெல்லாம் டூபா. சிறுபிள்ளைகளுக்குக் கைத்தாளம். தொட்டிக்குள் சொன்னது தொட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் துலக்குவதற்கு வாத்தியத்தை வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது, தூக்கிப்போகிறவன் அதை எத்தனை துப்பட்டியால் மூடினாலும் டிராம்போன் டிராம்போன் மாதிரியேதான் துருத்திக்கொண்டு தெரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோவில் வாத்திய அறையை எட்டிப்பார்த்து எது குறைகிறது என்று தெரிந்துகொண்டு பிறகுதான் வீட்டுக்கு வந்தார்கள். நடந்துகொண்டே இருந்த ஒரு அண்ணன் தம்பி சண்டை, இருவரும் ஒரே வாரத்தில் ஒரே யூபோனியத்துக்கு வந்து நின்றதால் முடிந்துபோனது. டூபாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆகவே டூபாவுக்குரிய பாவம் செய்கிறவர் கூடவே உதவிக்கு ஒரு நம்பிக்கையான ஆளையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி இரண்டும் ஒருசேர வாய்த்தவர்கள் ஊரில் குறைவு. வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் டூபா தெருவில் நடந்தது.

தெக்கிலா வரும்வரை.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாதக் காற்றில் அவள் புருஷன் பொனவெந்தூர் போன படகு திரும்பி வரவில்லை. பொனவெந்தூர்தான் பேண்டில் டூபா ஊதுகிறவன். கரையில் இருக்கிற நாளில் ஊதுவான், ஊதி முடித்துக் குடிப்பான், குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஊரில் அது ஒரு வரிசை, யாரும் அதை மாற்றிச் செய்ததில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று தேடினார்கள். மூன்றாம் நாள் பெண்கள் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதார்கள், அவளும் உட்கார்ந்து அழுதாள். ஐந்தாம் நாள், கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக, கதவுச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் விடியும்வரை தூங்கினாள். ஆறாம் நாளும் தூங்கினாள். ஒன்பதாம் நாள் மாதா சொரூபம் இருக்கிற கெபிக்குப் போய், இது இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் காலை, வேறு துறைமுகத்து விசைப்படகு ஒன்று பொனவெந்தூரைக் கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டுப் போனது.

வந்தவன் அதற்குப்பின் குடிக்கவில்லை. கை ஓங்கவில்லை. ஆழக்கடலுக்கும் போகவில்லை, வீட்டில் வலை முடைந்தான், கோவிலில் டூபா ஊதினான், சோற்றைப் போட்டால் சாப்பிட்டான். அடிக்கிறவன் திரும்பி வந்திருந்தால் அவள் ஒருவேளை தாங்கியிருப்பாள். அந்த வெள்ளிக்கிழமையே தொட்டிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ரெமிஜியூஸ் சாமி, டூபாவை எடுத்துத் துலக்கு மகளே என்றார். எத்தனை வாரம் என்று சொல்ல வாயெடுக்கும்போது யாரோ ஓடிவந்து, சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தை எண்ணெய் பூச வேண்டும், உடனே வாருங்கள் என்றார்கள், அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அவருக்கு மாற்றல் வந்தது. போன இடத்தில் ஒரு மாதத்தில் இறந்துபோனார்.

பிறகு வந்த சாமியார்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். எத்தனை வாரம் என்று நாங்கள் சொல்ல வேண்டுமானால் என்ன பாவம் என்று நீ சொல்ல வேண்டும். அவள், ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டேன் என்றாள். அந்த மனுஷன் உயிரோடு வீட்டில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருக்கும்போது அதை மறுபடியும் வாயால் சொல்வது, மறுபடியும் வேண்டிக்கொள்வது போலிருந்தது அவளுக்கு. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் டூபாவை எடுத்துவந்தாள். கூடத் தூக்குவதற்கு பொனவெந்தூர் வந்தான். தன்னை வைத்துத்தான் இந்த அபராதம் என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவளுக்குத் தெரியாது. அவன் கேட்டதில்லை. பதினோரு வருஷத் தேய்ப்பில் டூபாவின் வாயில் வெட்டியிருந்த, அதை வாங்கிக்கொடுத்த சங்கு வியாபாரியின் பெயர் தேய்ந்து மறைந்தது. தகடு மெலிந்தது. அவள் கையெலும்பும் அதே அளவுக்கு மெலிந்தது.

அந்த டூபாதான் இப்போது மங்க மாட்டேன் என்றது.

முதலில் பேண்டு மாஸ்டர் கஸ்பார் நம்பவில்லை. தெக்கிலா வெளியூரிலிருந்து ஏதோ மருந்து வாங்கிப் பூசியிருக்கிறாள் என்றார். டூபாவை வாங்கிக் கருவாட்டுத் தொட்டியின் உப்புத்தண்ணீரில் இரண்டு நாள் முக்கி வைத்தார். எடுத்தபோது நாறியது, மங்கவில்லை. கடற்பாசியில் சுற்றி ஈரமணலில் புதைத்தார். பிறகு நாலு பேராகச் சேர்ந்து, அலை ஏறி இறங்குகிற மேட்டில் ஒரு கழியில் கட்டி மூன்று நாள் விட்டுவைத்தார்கள். நாலாம் நாள் அது கடைந்தெடுத்த வெண்ணெய் மாதிரி பளிச்சென்று நின்றது, உள்ளே ஒரு சின்ன நண்டு குடியேறியிருந்தது. கஸ்பார் நண்டை உதறிப்போட்டுவிட்டு வாயில் வைத்து ஊதிப் பார்த்தார், சத்தம் சரியாக இருந்தது. சத்தம் சரியாக இருக்கிற வாத்தியத்தோடு தனக்கு எந்தத் தகராறும் இல்லை என்று சொல்லி அதைக் கோவில் வராந்தாவில் கொண்டுவந்து வைத்தார். அதோடு அந்த விஷயத்தில் அவர் வேலை முடிந்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. காலை வெயில் நேராக வராந்தாவில் விழும்போது டூபாவின் வாயிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பிக் கடலுக்குப் போனது, நாட்டுப்படகுக்காரர்கள் அதை அடையாளமாக வைத்துக் கரைபிடித்தார்கள். பக்கத்துத் துறைக்காரர்கள் தங்கள் படகுகளும் தெரியாமல் இங்கேயே வந்து ஏறிவிடுவதாகச் சண்டைக்கு வந்தார்கள். சாலையில் போகிற பேருந்து ஓட்டுநர் கண் கூசுகிறது என்று புகார் சொன்னதால் பிற்பகலில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கக் கோவில் வேலை பார்க்கிற உபதேசியாருக்கு உத்தரவாயிற்று. பெண்கள் பூசைக்கு வரும்போது அதில் பார்த்து நரைமுடி பிடுங்கினார்கள். நாவிதர் ஒருவர் வராந்தாவின் கீழ்ப்படியில் நாற்காலி போட்டார். சாவு வீட்டுக்காரர்கள் மட்டும், அடக்கத்துக்கு வருகிற வாத்தியம் இப்படிச் சிரித்துக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வருத்தப்பட்டார்கள், ஆகவே சாவுக்கு ஊதும்போது அதற்குக் கோணிச்சாக்கில் தைத்த ஒரு உறை போட்டார்கள். ஆயர் இல்லத்திலிருந்து இரண்டு சாமியார்கள் வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சீலாமீன் குழம்போடு மதியச் சாப்பாடு சாப்பிட்டு, பித்தளை நல்ல தரமானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. துலக்கத் தேவையில்லாத வாத்தியத்தை அபராதமாகக் கொடுக்க முடியாது. அதனால் பெரிய பாவங்களுக்கு ஊரில் போக்கிடம் இல்லாமல் போனது. அப்போதிருந்த ஜெரோம் சாமி, மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்த இளவயதுக்காரர், டூபாவுக்குப் பதில் யூபோனியத்தை இரண்டு தடவை துலக்கினால் போதும் என்று சொல்லிப் பார்த்தார். அது ஒரு சைஸ் சிறிய சட்டை போலிருக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சிலர் பெரிய பாவத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி, வாரம் ஒன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்னெட்டாக வாங்கிப்போனார்கள். ஒருவர் சனிக்கிழமை தோறும் வராந்தாவில் வந்து நின்று, யாரும் பார்க்காதபோது சட்டைக் கையால் டூபாவை இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போனார். எதுவும் இறங்காது என்று அவருக்குத் தெரியும். இறங்காமலே தேய்க்கிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள், பிறகு அவர்களுக்குள் ஒரு வரிசை உண்டாயிற்று.

தெக்கிலாவின் பாவம் தீர்ந்துவிட்டது என்பதில் மட்டும் ஊருக்குச் சந்தேகமே இல்லை. டூபாவே சொல்லிவிட்டது. பதினோரு வருஷம் அவளைக் கண்டால் பாதை ஒதுங்கியவர்கள் இப்போது அவளுக்குப் பாதை விட்டார்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. கருவாடு காயப்போடுகிற இடத்தில் பக்கத்து வீட்டு எஸ்கலின் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"மைனி, இனிமே சொன்னா என்ன? தீந்துபோன பாவந்தான."

"என்னத்தச் சொல்ல."

"நாங்க யோசிச்சு யோசிச்சே ஓஞ்சுபோனோம். ஒரு சமயம் நீங்க யாருக்கோ விஷம் வச்சதாப் பேசிக்கிட்டோம். ஒரு சமயம் மாதா நகைய எடுத்துட்டியன்னு. எங்க மாமியா சாகும்போதுகூட, அது என்னன்னு தெரிஞ்சுக்காமப் போறனேன்னுதான் அழுதா."

"அவ நல்லா இருக்கட்டும்."

"அவ செத்துட்டா மைனி."

"அங்க நல்லா இருக்கட்டும்."

எஸ்கலின் ஒரு சாளையைப் புரட்டிப் போட்டாள். "சொல்லாட்டிப் போங்க. ஆனா பாத்துக்கிடுங்க, எங்களுக்கு இனி பேச ஒண்ணும் இல்ல. சனிக்கிழமையே வெறிச்சுன்னு கெடக்கு."

தெக்கிலாவுக்கும் அப்படித்தான் கிடந்தது. சனிக்கிழமைகளில் கை தானாகப் புளியை ஊறப்போட்டுவிடும். ஊறின புளியை வீணாக்காமல் ரசம் வைத்தாள். வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரமும் எவர்சில்வர், துலக்கினாலும் துலக்காவிட்டாலும் அவற்றுக்கு ஒரே முகந்தான். தன் அபராதம் முடிந்துவிட்டதா, அல்லது இனி உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று பிடுங்கப்பட்டுவிட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. முடிந்தது என்றால் ஏன் உடம்பு இப்படிக் கனக்கிறது. தொட்டி பக்கம் போகாமல் நேராகச் சாமியார் தங்குகிற அறைவீட்டுக்குப் போய் ஜெரோம் சாமியைக் கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா, இதவிட என்ன அடையாளம் வேணும்?" என்றார் அவர்.

"எத்தனை வாரம்னு பெரிய சாமி சொல்லலியே."

"சொல்லாததத்தான் இப்படிக் காட்டியிருக்கார்னு வச்சுக்குங்களேன்."

"யாரு காட்டுனது, சாமியா, ஆண்டவரா?"

"ரெண்டு பேரும் இப்ப ஒரே இடத்துலதான இருக்காங்க" என்றார். அவர் மனதில் வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதைச் சொன்னார். டூபாவை இனி ஊதுவதற்கு எடுப்பதில்லை, பீடத்துக்கு இடப்பக்கம் கண்ணாடிப் பேழை ஒன்று செய்து அதில் வைப்பது, திருவிழாக் கொடியேற்றத்தன்று ஆயர் கையால் திறப்பது. சபையில் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கண் கூசாது, கரைபிடிக்கிற சண்டை இராது, சாக்கு உறை தைக்க வேண்டாம். கஸ்பார் ஒருவர்தான் பூசை முடிந்து வாசலில் நின்று, "கண்ணாடிக்குள்ள இருக்குற டூபாவ ஊத எனக்குக் கண்ணாடிக்குள்ள இருக்குற ஆளு வேணும்" என்றார். புது டூபா அடுத்த திருவிழாவுக்குள் பார்க்கலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

பொனவெந்தூருக்கு ஐம்பத்தாறு வயது. டூபாவைத் தவிர வேறு எதையும் அவன் ஊதியதில்லை, மற்ற வாத்தியங்களின் வாய் அவன் உதட்டுக்குச் சிறியது. செவ்வாய்க்கிழமை தச்சர்கள் வந்து பேழைக்கு அளவெடுத்தார்கள். புதன்கிழமை டூபாவை உள்ளே வைத்துப் பூட்டிச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் சொன்னான்.

"லூசியான் படகுக்குச் சமையலுக்கு ஆள் கேட்டாங்க. வாரேன்னு சொல்லிட்டேன்."

"எந்தப் படகு?"

"தங்குகடலுக்குப் போற படகு. பத்து நாளோ பன்னெண்டு நாளோ. திங்கக்கெழம ஏறணும்."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். அதைக் கழுவினாள். கழுவின தட்டை மறுபடியும் கழுவினாள். பதினோரு வருஷமாக ஒவ்வொரு வாரமும் டூபாவிலிருந்து அவள் துடைத்தெடுத்தது எதுவோ, அது அத்தனை காலமும் அந்த மனுஷனைக் கரையில் பிடித்து வைத்திருந்தது என்று ஒரு எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு. யாரிடமும் அதைச் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட முழுவாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை. கெபியில் அவள் வேண்டிக்கொண்டது இன்னும் மேலே எங்கோ நிலுவையில் இருக்கிறது, தேய்க்கிற வரைக்கும் அது கை நீட்டாது, இப்போது தேய்ப்பதற்கு எதுவும் இல்லை, அவன் கடலுக்குப் போகிறான்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அறைவீட்டுக்குப் போனாள். பேழையிலிருந்து டூபாவை எடுத்துக் கொடுத்துவிடுங்கள் சாமி என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றாள். சொல்ல முடியாத காரணத்துக்காக ஊர் கூடி எடுத்த முடிவை மாற்றுவது எப்படி என்று அவர் தன்மையாகவே கேட்டார், காப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். அவள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வரும் வழியில் கெபியைத் தாண்டும்போது நின்றாள். அதற்கு நேர்மாறாக வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அங்கே எப்படிப் பதிந்திருக்கிறார்களோ, இதையும் சேர்த்து எழுதிக் குழப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஒன்றும் கேட்காமல் நடந்தாள்.

சனிக்கிழமை மதியம் புளியை ஊறப்போடவில்லை. பொனவெந்தூர் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, திங்கட்கிழமைக்கு முன் முடித்துக் கொடுத்துவிட வேண்டிய ஒரு வலையை முடைந்துகொண்டிருந்தான். வலை அவனைச் சுற்றிச் சுவரளவுக்குக் குவிந்து கிடந்தது. அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கெழம போக வேண்டாம்."

"அரிசி பருப்பெல்லாம் ஏத்தியாச்சு. இனி அவன் வேற ஆளுக்கு எங்க போவான்?"

"நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க காணாமப்போன பதினோரு நாளும் நீங்க வரக்கூடாதுன்னு நெனச்சேன்."

அவன் ஊசியை உள்ளே விட்டு ஒரு முடிச்சை இழுத்தான். அடுத்ததையும் இழுத்தான்.

"மனசுக்குள்ளயா, வாய்விட்டா?"

"ஒம்பதாம் நாள் கெபியில போய் வாய்விட்டே கேட்டேன்."

"ம்."

"அதுக்குத்தான் டூபா."

"அது தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"என்னப் பத்துனதுன்னு தெரியும். இந்த ஊர்ல பாவம் செய்யுறதுக்கு உனக்கு வேற யாரத் தெரியும்?"

தெருவில் ஒருவர் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் வந்து, தூரமாகி, இல்லாமல் போனது.

"அப்ப நான் அடிச்சேன்" என்றான் பொனவெந்தூர்.

"அடிச்சிய."

"வராம இருந்திருந்தா நீ நல்லாத்தான் இருந்திருப்ப."

"அப்படித்தான் நெனச்சேன். அஞ்சாம் நாள்லருந்து நல்லாத் தூங்குனேன். இத்தன வருஷமா அதுதான் தூங்க விடல."

அவன் தலையாட்டினான். நூல் தீர்ந்திருந்தது, ஊசியில் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தான். சுற்றிக்கொண்டே, மீன் என்ன கிடைத்தது என்று கேட்கிற குரலில் கேட்டான்.

"தூங்குனது போக, வேற என்ன நெனச்ச?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ரெமிஜியூஸ் சாமிகூடக் கேட்கவில்லை. அவளும் அவரிடம் சொல்லவில்லை, அது பாவத்தில் சேர்த்தி என்று அப்போது தோன்றியிருக்கவில்லை.

"ஒரு தையல் மெஷின் போடலாம்னு நெனச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"இங்கதான். இந்த ஜன்னல்கிட்ட. வீட்டுல வெளிச்சம் இங்கதான் வருது."

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு தன்னைச் சுற்றிக் கிடந்த வலையைப் பார்த்தான். வெளிச்சம் முழுவதும் அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது, அத்தனை வருஷமும் அதன்மேல்தான் விழுந்திருந்தது.

"திங்கக்கெழம போயிட்டு வாரேன்" என்றான். "பன்னெண்டு நாளுக்கு மேல ஆவாது. நீ தூங்கு."

"வருவியளா?"

"நீ வேண்டிக்கிட்டும் வந்தவன்தான நான்."

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அழுகை என்று சொல்ல முடியாது, நெடுந்தூரம் சுமை தூக்கி வந்தவர்களுக்கு இறக்கி வைத்ததும் வியர்க்குமே, அதைப்போல ஏதோ ஒன்று. கோவிலில் தச்சர்கள் பேழையைச் சுவரோடு சேர்த்துச் சட்டம் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஆணி, ஒரு இடைவெளி, இன்னொரு ஆணி.

பொனவெந்தூர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தான். வலையின் ஒரு ஓரத்தைப் பிடித்து அதை ஜன்னலடியிலிருந்து வாசல் பக்கமாக இழுக்க ஆரம்பித்தான். கனமான வலை, ஒரே மூச்சில் வரவில்லை. கொஞ்சம் இழுத்தான், நின்றான், மறுபடி இழுத்தான். பாதி வெளியே போனபிறகு ஒரு ஈயக்குண்டு நிலைப்படியின் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டிருந்தான். தெக்கிலா உட்கார்ந்தபடியே கை நீட்டிக் குண்டை எடுத்துவிட்டாள்.